ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ஆண்மையும்

ஆண்மை என்னும் சொல் நம் வாலிபர் நாவில் அடிக்கடி வழங்குவது. பந்தாட்டக் களத்தில் அடிபட்டு விழுந்தவன் கண்ணீர் விடுவானாயின், ஆண்பிள்ளை அழலாமோ என்று தோழர் நகைக்கின்றனர். தமக்கை சொல்லுக்குச் செவி சாய்த்த தம்பியும், மனைவியைக் கலந்து ஒரு காரியம் செய்த கணவனும் அந்நகைக்குத் தப்புவதில்லை. இங்ஙனம், ஆண்மையாவது அழாமையும் பெண்டிரை அடக்கி ஆளுதலுமே என்று ஒரு கொள்கை, எவரும் முறையாகக் கற்பியாமலே, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர் உள்ளத்திற் குடிபுகுந்துவிடுகின்றது. இது நம் நாட்டிற்கே உரிய கொள்கையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இது வெறும் வழக்கமாய் மட்டுமின்றிச் சட்டமாகவும் நிலைபெற்றிருந்தது. அச்சட்டத்தைத் தம் வீட்டு வாயிலிலே முதலிற் புறந்தள்ளிப் பின்னர்ப் பார்லிமெண்டிலும் எதிர்த்து நின்ற ஜான் ஸ்டூவர்ட் மில் என்பாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். தருக்க நூலாசிரியராகவும் பொருளாதார நூலாசிரியராகவும் அவரை மாணாக்கர் பலர் அறிவர். மகனாகவும் தமையனாகவும் கணவனாகவும் அவரை அறிந்தார் சிலரே.

மில் 1806-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்து தேசத்துச் செம்மான் ஒருவரின் மகன். தம் அறிவொன்றையே முதலாகக் கொண்டு தலைநகர் வந்து, எழுதிப் பிழைத்தவர். இந்நாட்டை ஒருநாளும் கண்ணாற் காணாமலே பிரிட்டிஷ் இந்திய சரித்திரம் எழுதினவரும் அவரே. அந்நூலை அவர் எழுதிய மேசையின் மற்றொரு புறத்திலேதான் மூத்த மகனாகிய ஜான் மூன்று வயது முதல் கிரேக்க மொழி பயின்றான். கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதி அக்காலத்திற் கிடைக்காமையால், சொல்லுக்குச் சொல் தந்தையையே கேட்பான். பொறுமையில்லாத அத்தந்தை அதைப் பொறுத்துக்கொண்டார் என்பதை மகன் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கின்றார். எட்டு வயதில் இலத்தீன் தொடங்கியது. அத்துடன் தான் கற்றதைத் தங்கையர்க்கும் தம்பியர்க்கும் கற்பிக்கும் கடமையும் சேர்ந்தது. ஒருநாள் தங்கையர் பாடத்தில் ஒரு சொற்பிழை நேர்ந்ததாகவும், அதைக் கவனியாது விட்ட ஜானும் அவர்களோடு பகலுணவின்றி மாலைவரை இருத்தப்பட்டதாகவும், விருந்தினராக வந்திருந்த பிரான்சிஸ் பிளேஸ் என்பவர் எழுதி வைத்துள்ளார்.

அவ்வீட்டில் அறிவிற்குக் குறைவில்லை, அன்பிற்கே பஞ்சம். ஜேம்ஸ் மில் உணர்ச்சிகளை மிகவும் இழிவாக எண்ணுபவர். மகிழ்ச்சியோ துக்கமோ முகத்திற் காட்டுதல் அறிவுடையோர்க்கு அழகன்றென்பது அவர் துணிபு. அவர் மனைவியார் ஹாரியட் ஒன்பது மக்களைப் பெற்று வளர்த்து, குறைந்த வருவாயில் அக்குடும்பத்தை நடத்தியவர். கல்வி மிகுதியாகப் பெற்றவரல்லர். அவரைக் கணவர் விருந்தினர் முன்னிலையிலும் கடிந்து பேசுவதுண்டென்று கண்டோர் எழுதியிருக்கின்றனர். தாயைத் தந்தை மதியாத வீட்டில் மக்களும் தாயை மதியார். மூத்த மகனும் அதற்கு விலக்காகவில்லை. கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த அந்த மேசையிலே, ஒருவரும் கற்பியாத இப்பாடத்தையும் அவன் கற்றுக்கொண்டான். இதனை நம் மாணாக்கர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இது திரும்பி வரும்.

1823-ல், பதினேழு வயது நிரம்பிய மறுநாளே, மில் கிழக்கிந்தியக் கும்பினியின் லண்டன் அலுவலகத்தில் தந்தையின் கீழ் வேலையில் அமர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கிருந்தே இந்தியாவிற்குச் செல்லும் கடிதங்களை வரைந்து வந்தார். மாலை வேளைகளில் கழகங்களில் வாதிடுதலும், பத்திரிகைகட்கு எழுதுதலும், உலகத்தைத் திருத்துதலுமே அவருக்குப் பொழுதுபோக்கு. அக்காலத்தில் அவரைக் கண்டோர் சிலர், கட்டி விடப்பட்ட யந்திரம் போன்றவர் என்று சொல்லிக்கொண்டனராம்.

அந்த யந்திரம் 1826-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபது. அதாவது நம் மேல்வகுப்பு மாணாக்கர் பலருக்கு உள்ள வயது. தாம் நாடும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிடுமாயின் தமக்கு அது பெரும் களிப்பாகுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆகாது என்று உள்ளத்தினின்று விடை வந்தது. அதன் பின் மாதக்கணக்கில் எதிலும் சுவையின்றி, பழக்கத்தினால் மாத்திரம் வேலை செய்து வந்தார். தந்தையிடம் இதைச் சொல்ல இயலவில்லை. சொன்னால் விளங்காதென்று அறிவார். வேறு எவரிடம் சொல்வது? மனம் விட்டுப் பேசத்தக்க ஒருவரேனும் அவருக்கு இருந்திலர். துன்பத்தை வெளியிடாமையே ஆண்பிள்ளைக்கு அழகென்று பயின்ற இளைஞர் பலர் இந்நிலையை அடைகின்றனர். நம் விடுதி அறைகளிலும் இத்தகையோர் இலர் என்று நாம் துணிந்து கூற மாட்டோம்.

அவரை மீட்டது ஒரு சிறு நிகழ்ச்சி. மார்மோந்தல் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தையை இழந்து தவிக்கும் குடும்பத்தின் நடுவே சிறுவனாகிய அவ்வாசிரியர் நின்று, இனித் தந்தையின் இடத்தில் தாமே இருந்து அனைவரையும் காப்பதாக உறுதி கூறும் இடம் வந்தது. மில்லின் கண்களினின்று நீர் பெருகிற்று. அந்தக் கணம் முதல் அவருடைய பாரம் குறைந்தது. உணர்ச்சி தம்முள் முற்றும் செத்துவிடவில்லை என்று தெளிந்தார். பின்பு வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞரின் பாக்களைப் படித்து மேலும் தேறினார். அழுகை ஆண்மைக்குக் குறை என்போர், அறிவிற் சிறந்த இவ்விளைஞரைப் பிழைப்பித்தது ஒரு துளிக் கண்ணீரே என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

1830-ல் ஒரு விருந்தில் ஹாரியட் டெய்லர் என்னும் மாதரசியை மில் சந்தித்தார். (தாயார் பேரும் ஹாரியட், இவ்வம்மையார் பேரும் ஹாரியட், படிப்போர் மயங்காதிருக்கக் குறிப்பிடுகின்றோம்.) அம்மையார்க்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. பதினெட்டாம் வயதில் ஜான் டெய்லர் என்னும் மருந்துச் சரக்கு வணிகரை மணந்தவர். அவர் கணவர் நல்லவர், நேர்மையானவர்; ஆயினும் மனைவியாரின் அறிவு வேட்கைக்கு ஈடு கொடுக்கத்தக்கவரல்லர். பெண்டிர் கல்வியைப் பற்றியும் மணச்சட்டத்தைப் பற்றியும் அம்மையார் சுயமாகச் சிந்தித்திருந்தார். மில்லும் அவரும் ஒருவர்க்கொருவர் கட்டுரைகள் எழுதிக் காட்டி வாதித்தனர். அதுவரை மில் தந்தையின் வாதங்களையே வளர்த்துப் பேசியவர்; தம் கருத்தைத் தடுத்துத் திருத்தும் ஒரு பெண்மணியை அப்பொழுதே முதன்முதலிற் கண்டார். அவரை விடத் தாம் மிகக் கற்றவர் என்ற எண்ணம் குறுக்கே நிற்கவில்லை.

இந்நட்பு இருபது ஆண்டுகள் நீடித்தது. ஊரார் பழி தூற்றினர். நண்பர் சிலர் விலகினர். ஜான் டெய்லர் மனம் வருந்தினும் பொறுத்துக்கொண்டார். அவருடைய பொறுமையையும் நாம் பாராட்டாதிருத்தல் நியாயமாகாது. இக்கதையில் அவர் பட்ட துன்பத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர். 1849-ல் அவர் புற்றுநோயாற் படுத்தபோது ஹாரியட் அம்மையாரே அருகிருந்து இறுதிவரை இரவு பகலாகப் பணிவிடை செய்தார். அவர் காலமாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே மில்லும் அம்மையாரும் மணம் புரியத் துணிந்தனர்.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். மணம் செய்துகொண்ட பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உரு இல்லை. அவள் கொண்டு வந்த அசையும் பொருள் கணவனுடையது. தைத்தும் ஆலையில் உழைத்தும் அவள் தேடிய கூலியும் கணவனுடையது. பெற்ற பிள்ளைகளும் தந்தைக்கே உரியர். 1839-ல் வந்த ஒரு சட்டமே, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தை வேண்டிக்கொள்ள இடமளித்தது. மனைவியை வீட்டில் அடைத்து வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டென்று 1840-ல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. பணம் படைத்தோர் தம் பெண்களுக்கு வக்கீல்களைக் கொண்டு தனிப் பத்திரங்கள் எழுதி வைத்துக் காத்துக்கொண்டனர். ஏழைப் பெண்களுக்கு அக்காவலும் இல்லை.

இத்தகைய சட்டம் தமக்குத் தரப்போகும் அதிகாரத்தை மில் விரும்பவில்லை. விரும்பாவிடில் அதைப் பயன்படுத்தாது வாளாவிருத்தல் கூடாதோ என்று நம்மிற் சிலர் கேட்கலாம். பயன்படுத்தாத வாளும் உறையில் இருக்கும் வரை வாளே என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலின் 1851-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ஆம் நாள், மணத்திற்கு ஆறு வாரங்களுக்கு முன், தம் கைப்பட ஒரு பத்திரம் எழுதினார். மனைவியின் உடல்மேலும் பொருள்மேலும் செயல்மேலும் கணவனுக்கு அதிகாரம் வழங்கும் இச்சட்டத்தைத் தாம் மனமார மறுப்பதாகவும், அவ்வதிகாரங்களைத் துறக்கச் சட்டத்தில் வழியில்லாமையால் அவற்றை ஒருபொழுதும் செலுத்துவதில்லை என்று வாக்களிப்பதாகவும், மணம் நடவாதிருந்தால் அம்மையார்க்கு எத்துணைச் சுதந்தரம் இருக்குமோ அத்துணையும் இனியும் இருத்தல் வேண்டும் என்றும் அதில் வரைந்தார். இப்பத்திரம் நீதிமன்றத்திற் செல்லத்தக்கதன்று. அம்மையார் அதைக் காட்டி ஒரு காசும் பெற்றிருக்க முடியாது. சொல் ஒன்றே அதன் பலம். ஒரு மனிதன் தன் பலத்தையெல்லாம் கையிற் கொண்டிருந்தும் அதைச் செலுத்துவதில்லை என்று கட்டுப்பட்டு நிற்பதினும் வேறான ஆண்மை ஒன்று உண்டோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

ஏப்ரல் மாதம் 21-ஆம் நாள் வேமத் நகரத்தருகில் ஒரு பதிவு அலுவலகத்தில் மணம் நடந்தது. மில் பழக்கத்தால் முதலெழுத்துக்களைக் கொண்டு கையெழுத்திட்டுவிட்டு, அதிகாரி சொன்ன பின் முழுப் பெயரை இடுக்கி எழுதினார். இதனால் மணம் செல்லாதோ என்று பிற்காலத்தில் அவருக்கு அச்சம் பிறந்து, மீண்டும் மணம் செய்துகொள்ளலாமோ என்று மனைவியார்க்குக் கடிதமும் எழுதினார். தருக்க நூல் எழுதினவர்க்கும் இத்தகைய கவலைகள் உண்டு.

இனிச் சொல்ல விரும்பாத பகுதிக்கு வருகின்றோம். மணச்செய்தி கேட்டதும் தாயாரும் தங்கையரும் உடனே வந்து ஹாரியட் அம்மையாரைக் கண்டு மரியாதை செய்யவில்லை என்பது மில்லின் குறை. அவர்கள் பெரும்பாலும் என்ன செய்வதென்று அறியாது தயங்கினரே அன்றி அவமதிக்க எண்ணினதாகத் தோன்றவில்லை. ஆயினும் மில் தங்கையர்க்கும் தம்பி ஜார்ஜுக்கும் எழுதிய கடிதங்கள் பனிக்கட்டி போன்றவை. தாம் சிறுவயதில் பாடம் சொல்லிக் கொடுத்த, தம்மோடு பட்டினி இருந்த தங்கையரோடு போக்குவரவு ஏறக்குறைய நின்றது. முதிய தாயார் சமாதானம் நாடி எழுதினார். மகனது விடையில் கனிவு காணோம். 1854-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாயார் காலமானபொழுது அவர் அருகிலில்லை. உடல்நலம் நாடிப் பிரான்சு தேசத்திற் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அவர் எழுதிய சுயசரிதை அச்சில் வெளிவந்தபோது, தந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தும், அதில் தாயாரின் பேரையும் காணோம். முதற் படியில் தாயாரைக் குறித்துச் சில கடிய வாக்கியங்கள் எழுதிப் பின் அடித்துவிட்டார் என்பது கையெழுத்துப் பிரதியால் தெரிகின்றது.

மனைவிக்காக அத்துணை உயர்ந்த பத்திரம் எழுதிய கை, தாய்க்கு அன்பான நான்கு வரி எழுதவில்லை. இதை மறைத்துப் புகழுரை மாத்திரம் பாடுதல் எமக்குச் சம்மதமன்று. மேசையருகிற் கற்ற அந்தப் பாடத்தை அவர் முற்றும் மறக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். அறிவிற் சிறந்த பெண்ணை மதித்தல் அவருக்கு எளிதாயிற்று. அறிவிற் சிறவாத பெண்ணை, தம்மைப் பெற்றவளேயாயினும், மதித்தல் அரிதாயிற்று. ஹாரியட் அம்மையாரையோ அளவின்றிப் புகழ்ந்தார். தம் காலத்து மேதாவியர் அனைவரினும் மேலாக வைத்தார். அறிஞர் இன்றுவரை அப்புகழ்ச்சியில் எவ்வளவு உண்மை என்று வாதிட்டு வருகின்றனர். ஒருவரைத் தெய்வமாக வைத்தலும் சமமாக வைத்தலும் ஒன்றல்லவே. எனினும், அவர்கள் ஒன்றாய் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி வேலை செய்தனர் என்பதில் ஐயமில்லை.

அவர்கள் கூடி எழுதியவற்றுள் சில பத்திரிகைக் கட்டுரைகள் நம் பொருளுக்கு மிகவும் உரியன. லண்டன் நீதிமன்றங்களில் மனைவியரையும் குழந்தைகளையும் அடித்துக் கொடுமை செய்தோரைப் பற்றிய வழக்குகளை எடுத்து, அற்பத் திருட்டுக்குக் கடுந்தண்டமும் மனைவியைக் குற்றுயிராய் அடித்தவனுக்கு இலேசான தண்டமும் கிடைப்பதை எடுத்துக் காட்டினர். 1853-ல் இக்கொடுமையைத் தடுக்க மசோதா வந்தபோது அதைப் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதி நண்பர்க்குள் வழங்கினர். கொடியோர்க்குக் கசையடி வேண்டும் என்று அதிற் கூறியதை நாம் ஒப்பவில்லை. ஆயினும் வீட்டுக்குள் நடப்பது வீட்டாருக்கே உரிய விஷயம் என்று ஊர் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகை வாயிலாகக் கதவைத் திறந்தவர்கள் இவர்கள்.

1858-ல் கும்பினி ஆட்சி ஒழிந்தது. மில் ஓய்வு பெற்று மனைவியாருடன் தெற்கே புறப்பட்டார். வழியில் பிரான்சு தேசத்து அவிஞோன் நகரில் அம்மையார் நோயுற்று நவம்பர் மாதம் 3-ஆம் நாள் உயிர் நீத்தார். மணம் புரிந்து ஏழரை ஆண்டுகளே ஆகியிருந்தன. மில் அவ்வூர் மயானத்தருகில் ஒரு வீடு வாங்கி, அம்மையார் உயிர் நீத்த அறையின் சாமான்களையும் வாங்கி அங்கே வைத்து, ஆண்டில் பல மாதங்கள் அங்கேயே தங்கினார். அம்மையாரின் மகளாகிய ஹெலன் டெய்லர் நாடகத் தொழிலை விட்டு வந்து அவர்க்குத் துணையாயினார். இருவரும் திருத்திய சுதந்தரத்தைப் பற்றிய நூலை, அம்மையாரின் நினைவிற்கு உரிமை செய்து, மேலும் ஒரு சொல்லும் மாற்றாமல் 1859-ல் வெளியிட்டார்.

1865-ல் வெஸ்ட்மினிஸ்டர் தொகுதியார் அவரைப் பார்லிமெண்டிற்கு நிற்க வேண்டினர். தாம் வாக்கிற்காகப் பணம் செலவிடுவதில்லை, வீடு வீடாகச் செல்வதில்லை, பெண்டிர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்பது தம் கொள்கை என முன்னரே சொல்லிவிட்டார். தொழிலாளர் கூட்டம் ஒன்றில், அவ்வகுப்பினர் பெரும்பாலும் பொய்யர் என்று அவர் எழுதியது உண்மையா என ஒருவர் கேட்க, உண்மையே என்று ஒரே சொல்லில் விடையிறுத்தார். கூட்டத்தார் சினவாமல் கை தட்டினர். அத்தேர்தலில் அவர் வென்றார்.

பார்பரா போடிஷான் முதலிய பெண்மணிகள் வாக்குரிமை வேண்டி ஒரு விண்ணப்பம் தயாரிக்க எண்ணி மில்லை நாடினர். நூறு கையெழுத்தாவது கிடைத்தாற் கொணர்வேன் என்றார். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு கிடைத்தன! 1866-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் எமிலி டேவிஸ், எலிசபெத் காரெட் என்னும் இருவர் அப்பெரிய சுருளை வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்திற்குக் கொண்டு வந்தனர். ஆண்கள் நடமாடும் அவ்விடத்தில் அதைச் சுமந்து நிற்கக் கூசி, அங்கே ஆப்பிள் பழம் விற்றிருந்த கிழவியிடம் சொல்லி அவள் மேசையின் கீழ் ஒளித்து வைத்தனர். மில் வந்து, சுருள் ஒளித்திருப்பதைக் கண்டு சிரித்து, அதை எடுத்துக்கொண்டு சபைக்குள் சென்றார்.

அடுத்த ஆண்டு வாக்குரிமை மசோதா விவாதத்துக்கு வந்தது. மே மாதம் 20-ஆம் நாள், தம் அறுபத்தோராம் பிறந்த நாளில், மில் எழுந்து, ஆடவன் என்று பொருள்படும் சொல்லை நீக்கி, இருபாலர்க்கும் பொதுவாகிய சொல்லை இடவேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். ஒரு சொல்லை மாற்றுதலே அவர் கேட்டது. ஏளனத்தை எதிர்பார்த்துச் சென்றார்; சபையோ பெரும்பாலும் மரியாதையாகக் கேட்டது. சார்பாக 73 வாக்குகளும் எதிராக 196 வாக்குகளும் விழுந்தன. பார்லிமெண்டில் தாம் செய்த ஊழியங்களுள் இதனையே மேலாகக் கருதினார். 1868 தேர்தலில் அவர் தோற்றார்.

தோல்விக்குப் பின், 1869-ல், எட்டு ஆண்டுகட்கு முன்னரே எழுதி வைத்திருந்த நூலை வெளியிட்டார்; பெண்டிரின் அடிமை நிலையைப் பற்றியது அது. அந்நூலிற் பெண்டிர் படும் தீங்கு மாத்திரமன்றி, ஆண் குழந்தை அடையும் தீங்கும் விரித்துரைக்கப்படுகின்றது. யாதொரு முயற்சியும் தகுதியுமின்றி, ஆணாகப் பிறந்த ஒன்றினாலேயே மனித குலத்தில் ஒரு பாதியினும் தான் மேம்பட்டவன் என்று ஒரு சிறுவன் நம்பி வளர்வானாயின், அந்நம்பிக்கை அவன் குணத்தை என்ன செய்யும் என்று மில் கேட்கின்றார். தன்னினும் நூறு மடங்கு அறிவும் அனுபவமும் உடைய பெண்ணையும் அவன் தனக்குக் கீழாகவே காண்பான். முதலில் தமக்கையிடம், பின்பு தாயிடம், அதன் பின் மனைவியிடம் அச்செருக்கு வளரும். வெளியில் மேலோர்க்கு அஞ்சி அடங்கி நடப்பவனும் வீட்டுக்குள் கொடுங்கோலனாவான். குடும்பம் ஆணைக்கும் அடிமைக்கும் பள்ளியாய் இராமல், சமமானவர் ஒருவரோடொருவர் கூடி வாழப் பழகும் பள்ளியாக வேண்டும் என்பது அவர் முடிபு. இதை எழுதும்பொழுது தாம் வளர்ந்த வீடு அவர் நினைவில் எழாதிருந்திருக்குமோ? தாய் என்னும் சொல்லை அவ்வரிசையில் வைத்து நாம் படிக்கும்பொழுது, அது அவர் நூலிற் பேர் சொல்லாத தாயார்க்குச் செலுத்திய காலங்கடந்த கடனோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

1873-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பூச்சி நூல் வல்லவராகிய பாபர் என்னும் நண்பருடன் செடிகள் தேடிப் பதினைந்து மைல் தூரம் நடந்து வந்தார். சில நாட்களுக்குள் கடுஞ்சுரம் கண்டு, 7-ஆம் நாள் அவிஞோன் வீட்டிற் காலமானார். அம்மையாரை அடக்கம் செய்த சலவைக்கல் சமாதியிலேயே அவரையும் வைத்தனர். ஹெலன் அவருடைய சுயசரிதையை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். மணமான பெண்ணின் கூலி அவளுக்கே உரியது என்னும் சட்டம் 1870-ல், அவர் உயிரோடிருக்கும்பொழுதே, வந்துவிட்டது. பொருள் முழுவதும் அவளுக்கே என்னும் சட்டம் 1882-ல் வந்தது. ஆடவர்க்கு உள்ளபடியே இங்கிலாந்துப் பெண்டிர் வாக்குரிமை பெற்றது 1928-ல். அப்பழைய சுருளிற் கையெழுத்திட்டவருள் அந்நாளைக் காண உயிரோடிருந்தவர் மிகச் சிலரே.